ஓசூர்ப் பிள்ளைகளும் வான விஞ்ஞானமும்

தமிழ்நாட்டு மந்திரிசபை 2025 ஏப்ரல் 17-ம் தேதி விண்வெளித் தொழிற்கொள்கை ஒன்றை அங்கீகரித்தது. ஐந்து வருஷத்தில் ரூ.10,000 கோடி மூலதனம் திரட்டுவது, 10,000 பேருக்கு உத்தியோகம் கிடைக்கச் செய்வது என்பவை அதில் கண்ட இலட்சியங்கள். அதற்கு முந்தின வருஷம் பிப்ரவரி 28-ம் தேதி தூத்துக்குடி ஜில்லா குலசேகரன்பட்டினத்தில் தேசத்தின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. ராணுவத் தளவாட உற்பத்திக்கென 2019-ல் துவக்கப்பட்ட தொழிற்பாதையில் சென்னை, கோயம்புத்தூர், சேலம், திருச்சி ஆகிய நகரங்களோடு ஓசூரும் ஒரு கேந்திரமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், வான விஞ்ஞானத்தைச் சார்ந்த தொழில்கள் ஓசூர் எல்லையை நாடி வரும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. வரட்டும், மனமார வரவேற்கிறோம். ஆனால் அவை வந்து சேரும் நாளில் கிருஷ்ணகிரி ஜில்லாவின் பிள்ளைகள் எந்த ஸ்தானத்தில் நிற்பார்கள்? திட்டம் வகுத்துப் படம் வரைகிறவர்களாக நிற்பார்களா, அல்லது வேறெங்கோ வரைந்தனுப்பிய படத்தைப் பார்த்து உறுப்புக் கடைகிறவர்களாக மட்டுமே நிற்பார்களா? பொதுஜன ஊழியர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இக்கேள்விக்கு நாம் சொல்லும் பதிலைத் துவக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். மாணவர்கள் தங்கள் கையாலேயே சிறு செயற்கைக்கோள் செய்து பழகுவதற்கான பொதுப் பட்டறை ஒன்று ஓசூரில் ஏற்பட வேண்டும். அது சர்க்கார் கல்வி ஸ்தாபனங்களின் பொறுப்பில் இருக்க வேண்டும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் கட்டணமின்றி அதற்குள் நுழைய வழியிருக்க வேண்டும்.

கை தேர்ந்த ஜில்லா

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது 1970-களில். அதற்குப் பின் லாரி, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. பேளகொண்டப்பள்ளியில் சிறு விமானங்களைக் கூட்டும் சாலையும் ஓடுதளமும் 1990-களிலேயே அமைந்துவிட்டன. சமீப வருஷங்களில் போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார வண்டியும், கெலமங்கலம் பக்கம் கைப்பேசி உறுப்புகளும் உற்பத்தியாகின்றன. கைப்பேசிச் சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு விஷயம் நினைவில் வைக்கத்தக்கது. 1980-களில் டைட்டன் கம்பெனி ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை துவக்கியபோது, அனுபவசாலிகளைத் தேடி வெளிதேசம் போகவில்லை. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்து வாலிபர்களையும் யுவதிகளையும் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மயிரிழைக்கும் நுணுக்கமான வேலையை அவர்களிடமே ஒப்படைத்தது. தளி, தேன்கனிக்கோட்டை போன்ற மலையடிவாரத்துப் பிரதேசங்களின் பிள்ளைகளுக்கு நுட்பத் தொழில் வராது என்று இனி எவரும் வாய் திறக்க முடியாது.

ஆனால் கை தேர்ந்தது போதுமா? ஓசூரிலேயே ஆராய்ச்சிச் சாலை வைத்துப் புதிய வண்டிகளை வகுக்கும் கம்பெனி இல்லாமலில்லை. அங்கே வரைபலகை முன் அமருவோரில் அஞ்செட்டிப் பிள்ளைகள் எத்தனை பேர், சூளகிரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ஜில்லாவின் உழைப்பு யந்திரத்தின் முன்னாலேயே நின்றுவிட்டது. யந்திரத்தை வகுக்கும் அறைக்குள் போகவில்லை. வான விஞ்ஞானத் தொழில் வரும்போதும் இதே கதை நடக்குமானால், நமக்கு லாபம் என்ன?

பீன்யாவில் நடந்தது

ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். அந்நகரத்தின் வடமேற்கில் பீன்யா என்றொரு தொழிற்பேட்டை இருக்கிறது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளாகிய ஆரியபட்டா, அங்கே வாடகைக்கு எடுத்த சாதாரணத் தொழிற்கொட்டகைகளில்தான் உருவாயிற்று. விஞ்ஞானி யு. ஆர். ராவின் தலைமையில், செயற்கைக்கோள் எதையும் அதற்கு முன் செய்தறியாத இளைஞர்கள் பலர் கூடி, மூன்று வருஷத்துக்குள் சுமார் 360 கிலோ எடையில் அதைச் செய்து முடித்தார்கள். 1975 ஏப்ரல் 19-ம் தேதி சோவியத் ரஷ்யாவின் ராக்கெட் அதை வானில் ஏற்றிற்று. சில நாட்களுக்குள் பரிசோதனைக் கருவிகளுக்குப் போகும் மின்சாரம் தடைப்பட்டது. அப்படியும் அம்முயற்சி வீணென்று எவரும் சொல்லவில்லை. அந்தக் கொட்டகைகளில் பழகிய கைகளே பின்னால் தேசத்தின் செயற்கைக்கோள் நிலையத்தை உருவாக்கின.

இதில் ஓசூருக்கு ஒரு பாடம் இருக்கிறது. செயற்கைக்கோள் என்பது அரண்மனையில் பிறப்பதன்று. தொழிற்பேட்டையில், தகரக் கொட்டகையில், கடைசல் யந்திரத்துக்குப் பக்கத்தில் பிறக்கக்கூடியது. ஓசூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. கடைசல் யந்திரம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கற்கத் துடிக்கும் வாலிபர்கள் இருக்கிறார்கள். இவற்றை ஒன்றுசேர்க்கும் ஏற்பாடுதான் குறை.

கல்லூரிகள் காட்டிய வழி

மாணவர் செயற்கைக்கோள் என்பது புதுக் கற்பனையன்று. 1999-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துக் கல்வி ஸ்தாபனங்கள் இரண்டைச் சேர்ந்த ஆசிரியர்கள், பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கொண்ட ஒரு கனசதுரத்தை மாணவர் செயற்கைக்கோளுக்கு அளவாக வகுத்தார்கள். சுமார் ஒரு கிலோ எடையுள்ள அந்தச் சிறு பெட்டிக்குள் சூரியத் தகடு, மின்கலம், கணிப்பொறி, ரேடியோ, திசையறியும் கருவி எல்லாம் அடங்கிவிடும். உலகமெங்கும் கல்லூரிகள் அந்த அளவைக் கைக்கொண்டன.

நம் தேசத்தில் அண்ணா பல்கலைக்கழகம் முன்னோடி. அதன் குரோம்பேட்டைக் கல்லூரியில் உருவான சுமார் 40 கிலோ எடையுள்ள அனுசாட், 2009 ஏப்ரல் 20-ம் தேதி ஏவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகமொன்று செய்த முதல் செயற்கைக்கோள் அதுவே. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர்கள் செய்த 10.9 கிலோ செயற்கைக்கோள் 2011 அக்டோபர் 12-ம் தேதியும், சென்னை சத்யபாமா மாணவர்கள் செய்த 1.5 கிலோ செயற்கைக்கோள் 2016 ஜூன் 22-ம் தேதியும் மேலே சென்றன. கன்னியாகுமரி ஜில்லாவின் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்துச் செயற்கைக்கோள் 2017 ஜூன் 23-ம் தேதி ஏவப்பட்டது.

எல்லைக்கு அப்பால் நடந்ததையும் பார்ப்போம். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் உள்ள ஏழு பொறியியற் கல்லூரிகளின் மாணவர்கள் கூடிச் செய்த ஸ்டுட்சாட், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுடன் 2010 ஜூலை 12-ம் தேதி ஏறிற்று. பெங்களூர் பி.இ.எஸ். பல்கலைக்கழகத்தின் பைசாட் 2016 செப்டம்பரில் சென்றது. 2024 டிசம்பர் 30-ம் தேதி பறந்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசி அடுக்கில், பெங்களூர் ஆர்.வி. பொறியியற் கல்லூரி மாணவர்களின் நுண்ணுயிர்ப் பரிசோதனை ஒன்றும் இடம்பெற்றது.

தெற்கே குமரி வரையிலும், மேற்கே பெங்களூர் வரையிலும் செல்லும் இந்த ஜாபிதாவில், இரண்டுக்கும் நடுவே தொழிலுக்குப் பெயர்போன கிருஷ்ணகிரி ஜில்லாவின் பெயர் இல்லை. தமிழ்நாட்டுப் பெயர்களில் பெரும்பாலானவை செல்வாக்குள்ள தனியார் ஸ்தாபனங்களைச் சேர்ந்தவை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களுடைய முயற்சியைப் பாராட்டுகிறோம். ஆனால் கட்டணம் செலுத்த வகையில்லாத பிள்ளைக்கு வானம் அடைபட்டுக் கிடப்பதைத் தேசாபிமானிகள் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

வேடிக்கை வேறு, வித்தை வேறு

பள்ளிப் பிள்ளைகளும் இத்துறையில் இறங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. கரூர் ஜில்லா பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் என்ற வாலிபரும் அவருடைய தோழர்களும் செய்த 64 கிராம் எடையுள்ள கலாம்சாட், 2017 ஜூன் 22-ம் தேதி அமெரிக்க நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் சிறிது நேரம் பறந்து திரும்பியது. 2022-ல் தேசமெங்குமுள்ள 75 பள்ளிகளின் 750 மாணவிகள் பங்குகொண்ட ஆசாதிசாட் தயாராயிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு 7-ம் தேதி அதை ஏற்றிச் சென்ற புதிய சிறு ராக்கெட், வட்டப் பாதைக்குப் பதிலாகத் தாழ்ந்த நீள்வட்டப் பாதையில் விட்டதால் செயற்கைக்கோள் நிலைக்கவில்லை. ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10-ம் தேதி, இரண்டாவது ஆசாதிசாட் வெற்றியுடன் ஏறிற்று. தோல்வி கண்டு துவளாமல் மறுபடி செய்து பார்க்கும் அந்த மனப்பான்மைதான் விஞ்ஞானக் கல்வியின் சாரம்.

எனினும் ஒரு எச்சரிக்கை அவசியம். முன்னமே செய்துவைத்த பெட்டியில் நாலு திருகாணியைப் பூட்டச் சொல்லி, படம் பிடித்து, சான்றிதழ் கொடுத்தனுப்பும் ஏற்பாடு எதுவானாலும் அது கல்வியாகாது, திருவிழா வேடிக்கையாகும். பட்டாசு வெடித்துச் சத்தம் ஓய்ந்ததும் கூட்டம் கலைவதுபோல், ராக்கெட் ஏறியதும் அந்தப் பிள்ளைகள் பழைய வகுப்புக்கே திரும்பிவிடுவார்கள். உண்மைக் கல்விக்குப் பரீட்சை எளிது. தான் செய்ததைக் கழற்றி மறுபடி பூட்ட மாணவனுக்குத் தெரிகிறதா? ஒரு கருவி வேலை செய்யாதபோது காரணம் கண்டுபிடிக்க அவனால் முடிகிறதா? அடுத்த வருஷம் வரும் மாணவனுக்கு அவன் சொல்லிக்கொடுக்கிறானா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வருமானால், அந்தச் செயற்கைக்கோள் வானுக்கே போகாவிட்டாலும் செலவழித்த பணம் வீணாகவில்லை.

குலத்தொழிலும் கைத்தொழிலும்

கையால் செய்து கற்பது என்ற கருத்து நம் தேசத்துக்குப் புதிதன்று. 1937-ல் மகாத்மா காந்தி வார்தாவில் ஆதாரக் கல்வி யோசனையை வெளியிட்டபோது, கைத்தொழிலின் வழியாகவே பிள்ளைகளின் அறிவு மலர வேண்டும் என்றார். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த 1953-ல், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். தகப்பன் தொழிலையே மகனுக்கு விதிக்கும் குலக்கல்வி இது என்று ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். 1954-ல் காமராஜர் பதவிக்கு வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அந்த விவாதத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கைவேலை மனிதனைத் தாழ்த்துவதில்லை. பிறப்பைக் கொண்டு கைவேலையை விதிப்பதே தாழ்த்துவது. செயற்கைக்கோள் செய்வது எந்தச் சாதியாருக்கும் குலத்தொழிலன்று. அந்தப் பட்டறையில் குயவர் மகனும், கூலியாள் மகளும், குமாஸ்தா மகனும் ஒரே நாளில் முதற்பாடம் துவக்குகிறார்கள். காந்தியடிகள் விரும்பிய கைக்கல்வியும், குலக்கல்வியை எதிர்த்தவர்கள் கேட்ட சமத்துவமும் ஒரே கூரையின் கீழ் கூடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

தென்பெண்ணைக்கு ஒரு சேவை

மாணவர் செய்யும் செயற்கைக்கோளால் ஊருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு ஆற்றங்கரையைக் காட்டுகிறோம். நந்தி மலையில் பிறந்து பெங்களூர்ப் பக்கமாக வரும் தென்பெண்ணை, கழிவுநீரைச் சுமந்துகொண்டு ஓசூர் எல்லைக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் பொங்கிப் பாலத்தையும் வயலையும் மூடுவதை ஜில்லாவாசிகள் பல தடவை கண்டிருக்கிறார்கள். யாருடைய கழிவு, எந்த நாளில், எவ்வளவு என்ற விவாதம் மட்டும் ஓய்ந்தபாடில்லை.

தண்ணீரின் அமிலத்தன்மை, அதில் கரைந்த பிராணவாயு, உப்பின் அளவு ஆகியவற்றை மணிக்கொரு தரம் அளந்து ரேடியோவில் அனுப்பும் சிறு பெட்டிகளை மாணவர்களே செய்து ஆற்றோரம் வைக்கலாம். சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணிக்கொரு தரம் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள், தினம் சில தடவை சில நிமிஷ நேரம் நம் தலைக்கு மேல் கடக்கும். அப்போது அந்தச் செய்திகளை வாங்கிச் சேமித்துப் பின் தரை நிலையத்துக்குக் கொடுக்கும். அனுசாட் செய்து காட்டியதும் இத்தகைய வேலையே. கைப்பேசிக் கோபுரம் இருக்குமிடத்தில் இதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை என்பது வாஸ்தவம். கோபுரத்தின் அலை எட்டாத காட்டோரத்து ஓடைகளுக்கு அது உதவும். ஆகையால் முதலில் தரையில் அளவுப் பெட்டி, பிறகு வானத்தில் தபால்காரன் என்று படிப்படியாகப் போகலாம். எல்லைக்கு இருபுறத்து மாணவர்களும் சேர்ந்து அளந்தால், இரு சர்க்கார்களும் மறுக்க முடியாத கணக்கு ஜனங்களின் கைக்கு வரும்.

ஆட்சேபங்களும் சமாதானமும்

பள்ளியில் உபாத்தியாயரும் கழிப்பிடமும் போதாதபோது வானத்தில் பறப்பானேன் என்று சிலர் கேட்பார்கள். உபாத்தியாயரும் கழிப்பிடமும் அவசியம். அவற்றுக்குரிய பணத்தில் ஒரு காசையும் நாம் கேட்கவில்லை. தொழிற்கொள்கையின் பெயரால் கம்பெனிகளுக்குக் கொடுக்க உத்தேசித்திருக்கும் சலுகைகளில் ஒரு சிறு பங்கை ஜில்லாவின் பிள்ளைகளுக்குத் திருப்பும்படி கேட்கிறோம். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டும். கல்வி அவற்றில் ஒன்று. ஆகவே ஓசூர்க் கம்பெனிகளிடம் நாம் பிச்சை கேட்கவில்லை. சட்டம் விதித்த கடமையை நினைவூட்டுகிறோம்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியற் கல்லூரி நடக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. ஓசூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 71 தொழிற்பயிற்சி நிலையங்களை ரூ.2,877 கோடி செலவில் புதுப்பிக்கும் வேலையைச் சர்க்கார் டாட்டா கம்பெனியுடன் சேர்ந்து செய்திருக்கிறது. பொறியியல் மாணவன் கணக்கிடட்டும். பாலிடெக்னிக் மாணவன் மின்சுற்று அமைக்கட்டும். தொழிற்பயிற்சி மாணவன் சட்டம் கடையட்டும். மூவரும் ஒரே மேஜையில் அமரட்டும். ராக்கெட்டின் அதிர்ச்சியைத் தாங்குமா என்று செயற்கைக்கோளை அதிரவைத்துச் சோதிக்க வேண்டும். அத்தகைய சோதனை மோட்டார்த் தொழிலுக்குப் பழக்கமானதே. ஓய்ந்த நேரத்தில் சோதனை மேடையை மாணவருக்குத் திறந்துவிடக் கம்பெனிகளுக்குப் பெரிய சிரமம் இராது.

பாலிடெக்னிக் பிள்ளைக்கு வான விஞ்ஞானம் எதற்கு என்று கேட்பவர்கள், 2023 ஆகஸ்டு 23-ம் தேதி சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேலை நினைத்துக்கொள்ள வேண்டும். விழுப்புரத்துக்காரராகிய அவர் பாலிடெக்னிக் டிப்ளமாவில் துவங்கியே அந்த உயரத்தை எட்டினார்.

முதல் வருஷத்திலேயே ராக்கெட் தேட வேண்டியதில்லை. கடந்துபோகும் செயற்கைக்கோள்களின் ரேடியோ ஒலியை வாங்கிப் பழகுவது முதற்படி. குளிர்பானக் குப்பி அளவில் கருவி செய்து பலூனில் பறக்கவிடுவது இரண்டாவது படி. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் அடுக்கில், 2022 முதல் போயம் என்ற பெயரில் வகுத்திருக்கும் பரிசோதனை மேடைக்கு ஒரு கருவி அனுப்புவது மூன்றாவது படி. மின்சாரமும் திசைநிலையும் மேடையே கொடுப்பதால் அங்கே மாணவர் பாரம் குறைவு. தனிச் செயற்கைக்கோள் அதற்குப் பின்னரே. ராக்கெட் தவறவும் செய்யும், தேர்ந்த பி.எஸ்.எல்.வி.யே 2025 மே 18-ம் தேதி தவறியது. ஆகவே பட்டறையின் வெற்றியை ஏறிய பெட்டிகளின் எண்ணிக்கையால் அளக்கக்கூடாது. பழகி வெளிவந்த கைகளின் எண்ணிக்கையால் அளக்க வேண்டும். அயல்தேசத்தாருக்கு நுண் செயற்கைக்கோள் செய்யக் கற்பிக்க 2019-ல் உன்னதி என்ற பயிற்சியை இஸ்ரோ பெங்களூரில் துவக்கியது. அதே நிபுணர்கள் 40 கிலோமீட்டர் தள்ளி வந்து நம் பிள்ளைகளுக்கும் கற்பிக்க மறுப்பார்கள் என்று நாம் நினைக்கவில்லை.

செய்ய வேண்டியது

ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓசூர் மாநகராட்சியும் ஜில்லா பஞ்சாயத்தும் இப்பட்டறையைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றும்படி செய்யுங்கள். தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைகளோடு தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பட்டறையில் இடம் என்ற கோரிக்கையையும் சேர்க்கட்டும். பாதி இடம் பெண்களுக்கு என்றும், சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலுரிமை என்றும் விதி எழுத வற்புறுத்துங்கள். பாடம் தமிழில் நடக்கட்டும்; தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் வீடுகளின் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியில் விளக்கிச் சொல்லவும் ஆளிருக்கட்டும்.

அந்நியர் நூலுக்குக் கப்பல் அனுப்பிய காலத்தில், பஞ்சு நம்முடையது, துணி அவர்களுடையது என்றிருந்தது. இன்று உழைப்பு நம்முடையது, வகுத்த படம் பிறருடையது என்று இருக்குமானால், அடிமைத்தனம் முற்றும் ஒழிந்ததாகாது. ஓசூர்ப் பிள்ளைகள் படம் வரையக் கற்றுக்கொள்ளட்டும். அதற்குரிய கொட்டகையை எழுப்புவது இந்தத் தலைமுறையின் கடமை.